நாற்பத்தேழாம் எண் நோயாளி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்பதால், நலம். நீயும் மருமகளும் பேத்தியும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலமாயிருக்க வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ புலம்பியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முட்டிவலிக்கு மூன்று மாத்திரை, அறுபது நோயாளி, மூன்றுக்கும் ஒரே பலன்தான் என்று நீ கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னால் போதாதாம், எந்த இரண்டை எடுத்தாலும் வலிக்குப் போடும் எண்ணில் வித்தியாசம் ஒரு புள்ளிக்குள் அடங்கியாக வேண்டுமாம். "எல்லாம் அடங்குதுப்பா. நாப்பத்தேழுன்னு ஒரு ஆளு, அந்தாளாலதான் ஒரு நூலிழை வெளிய போகுது. தினமும் ஒம்பது, ஒம்பதுன்னே எழுதியிருக்கான். என்ன பிறவியோ!" என்றாய். அந்தப் பிறவி நான்தான்.

கோபப்படாமல் கேள். உங்கள் அலுவலகம் நடத்தும் ஆய்வு என்று இங்கே மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். என் கடிதத்தைப் பிரிக்க உனக்கு நேரமில்லை, ஆனால் கணக்கில் வரும் ஒவ்வொரு வரியையும் நீ படித்தே ஆகவேண்டும். சேர்ந்துவிட்டேன். வலிக்குப் பத்துக்குள் தினம் ஒரு எண் எழுத வேண்டும், பக்கத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம். அதில், "பீரோவுக்குப் பின்னால் உன் பள்ளிக்கூட பெல்ட் கிடைத்தது. சாப்பிட்டாயா?" என்று எழுதினேன். நர்ஸம்மா பார்த்துவிட்டு, "ஐயா, வலியைப் பத்தி மட்டும் எழுதுங்க" என்றார். நான் அதைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். பெயரும் குறிப்பும் உனக்கு வராது, நோயாளி எண்ணும் வலி எண்ணும் மட்டும்தான் வரும் என்று அப்புறம்தான் தெரிந்தது. சின்ன எண் போட்டால் கூட்டத்தில் காணாமல் போவேனே என்று ஒன்பதாகப் போட்டுத் தள்ளினேன். பலித்தது. நாலு நிமிடப் போனில் மூன்று நிமிடம் நீ என்னைப் பற்றியே பேசினாய். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

ஆகவே எனக்கு முட்டிவலியே கிடையாது, எழுதிய எண்கள் அத்தனையும் பொய் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். இதை மேலதிகாரியிடம் காட்டு, நாற்பத்தேழை நீக்கிவிட்டு மூன்றும் சமம் என்று அறிக்கை கொடு. உன் பதவி உயர்வு இதில்தான் இருக்கிறது என்றாயே.

மருமகளுக்கு என் ஆசிகள். பேத்திக்கு முத்தங்கள், எத்தனை என்பது அவள் இஷ்டம்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட எழுந்தேன். மூன்று தடவை முயன்றும் முடியவில்லை, கடைசியில் சுவரைப் பிடித்துத்தான் நின்றேன். மேலே ஒப்புக்கொண்டதுதான் பொய். ஒன்பது அத்தனையும் உண்மை. நாளைக்கு உன் அறிக்கையை நம்பி இன்னொருவர் இந்த மாத்திரையை விழுங்குவார். பதவி உயர்வு போனால் போகட்டும். நாற்பத்தேழை எடுத்துவிடாதேப்பா.