நானூறாம் கோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காளும் உயிரோடு இருக்கிறோம். அங்கு நீங்கள் அதைவிட நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று, 'சும்மா உட்காராதீங்க அத்தான், மலைப்பக்கம் நடங்க' என்று நீங்கள் தந்தீர்களே அறுபது வருஷத்துப் பழைய மலை வரைபடம், அது பற்றியே இக்கடிதம். ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக முப்பது வருஷம் 'இது உங்க வண்டி இல்ல' என்று ஊரையே இறக்கிவிட்டவனுக்கு ஒரு காகிதம் விளங்காதா என்ற திமிரில், ஞாயிறு காலை உங்கள் அக்காளோடு நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். படத்தில் அங்கே ஓடை, தாண்டினால் காடு. நேரில் பதினாலு மாடிக் குடியிருப்பு. வாசல் காவலாளியிடம், "இங்க ஒரு ஓடை இருக்கணுமே" என்றேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மழை பெஞ்சா வரும் சார், கார் நிறுத்துற எடத்துல" என்றார்.

அதோடு திரும்பியிருக்கலாம். விதி யாரை விட்டது? குடியிருப்புக்குப் பின்னாலேயே மலை. படம் முழுக்கப் பழுப்புக் கோடுகள், சிலவற்றில் எண்கள். பேருந்துக்கு எண் இருப்பதுபோல் பாதைக்கும் இருக்கும் என்று எண்ணி, "நானூறப் பிடிச்சா உச்சிக்குப் போயிடலாம்" என்றேன். வாகாக ஓர் ஆட்டுத்தடமும் அகப்பட்டது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, என்ன அருமையான பாதை என்று நான் மெச்சிக்கொண்டே போக, முட்டிவலியோடு அவள் பின்னால் வர, மூன்று மணி நேரம் கழித்துப் புறப்பட்ட பாறைக்கே வந்து நின்றோம்.

"ஏங்க, இந்தப் பாறை நம்மள விடாது போலிருக்கே."

அது வேறு பாறை என்றேன். அதன்மேல் அவள் மறந்துவைத்த கைக்குட்டை கிடந்தது. தண்ணீரும் தீர்ந்து, இறங்கக்கூடத் தெம்பில்லாமல் முழித்தபோது ஒரு வனக்காவலர் வந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இது பாதை இல்ல, மலையச் சுத்தி ஒரே உயரத்தக் காட்டுற கோடு. இதையே பிடிச்சிட்டு நடந்தா ஆயுசுக்கும் மேல ஏற மாட்டீங்க." தன் தண்ணீரை அவளுக்குக் கொடுத்து, ஜீப்பில் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார்.

நாலு நாளாக உங்கள் அக்கா என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போய்விடுகிறாள். கோபமா, வலியா, ஒன்றும் பிடிபடவில்லை. ஆகவே வரைபடத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி எனக்குப் பரிசே வேண்டாம்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு மன்னிப்பு.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா படத்தை உருவிக்கொண்டாள். கோபமே இல்லையாம், நாலு நாளாகப் பூதக்கண்ணாடி வைத்துக் கோடு எண்ணிக்கொண்டிருந்தாளாம். "கல்யாணமானதுலேர்ந்து மூணு மணி நேரம் சேர்ந்தாப்புல என்கூட எப்பவாவது நடந்திருக்கீங்களா? வர்ற ஞாயிறு நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க" என்கிறாள். மலையின் மேற்குப் பக்கத்து வரைபடத் தாளும் இருந்தால் உடனே அனுப்பச் சொன்னாள்.