கிரைண்டர் தமிழ் பேசியது

குழித்துறை
19 நவம்பர் 2011

கர்த்தருக்குள் பிரியமான தம்பி செல்வதாசுக்கு, அண்ணன் ஜெபசீலன் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. ஹாம்பர்க்கில் நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இங்கே நாங்களும் சுகம். சுகம் என்பதெல்லாம் எழுத்துக்குத்தான். வியாழக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. போனில் கேட்டால் நீ சிரித்தே தப்பித்துவிடுவாய். நான் கத்திவிடுவேன், அடுத்த வீட்டுக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் ஸ்மைலின் லீவுக்கு வந்தபோது பழைய ரிக்கார்டு பிளேயர் ஒன்றும், அதில் போடுகிற பெரிய இசைத்தட்டு ஒன்றும் தூக்கிக்கொண்டு வந்தான். தட்டின் உறையில் ஆட்டுக்கொம்பு வைத்த எலும்புக்கூடு ஒன்று தீயைக் கக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறது. "என்னலே இது?" என்றேன். "அப்பா, இது ஆருக்கும் தெரியாமப் போன ஆல்பமாக்கும். எண்பத்தாறுல ஜெர்மனில வந்தது. அப்போ ஒருத்தனும் சீந்தல்ல. ஸ்பீடு மெட்டல்" என்றான். மெட்டல் என்றால் ரோட்டுக்குப் போடும் ஜல்லி என்றுதான் எனக்குத் தெரியும். பாட்டைக் கேட்டபோது அந்த அர்த்தமும் தப்பில்லை என்று பட்டது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதைப் போலவும், அதன் அடியில் யாரோ மாட்டிக்கொண்டதைப் போலவும் இருந்தது.

பொழுது போகாமல் உறையைத் திருப்பிப் பார்த்தேன். நாலு பேர் படம். மூன்று பேர் வெள்ளைக்காரர்கள். நாலாவது ஆள் சட்டையில்லாமல், இடுப்பு வரை முடியோடு, கையில் இரண்டு குச்சியோடு நிற்கிறான். இடது புருவத்தில் ஒரு வெட்டு. அந்த வெட்டு எப்படி விழுந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சப்பாத்துப் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துப் பாறையில் மோதியது நீ, வீட்டில் அடி வாங்கியது நான். கீழே 'டிரம்ஸ்: எஸ். தாஸ்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை, சத்தம்தான் தாங்க முடியவில்லை அண்ணா என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினாயே. சத்தத்தைப் பற்றி நீ பொய் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பேருக்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு மலைத்து நிற்கும்போதே வாசலில் பைக் வந்து நின்றது. பாஸ்டரும் சபைச் செயலாளர் பொன்னுலிங்கமும். நீ அனுப்பிய பணத்தில் கட்டி, அடுத்த மாதம் நீ வந்து திறக்கப்போகிற புது ஹாலின் கல்வெட்டில் உன் பேரை எப்படிப் போடுவது என்று கேட்க வந்தார்கள். அந்தக் கல்லில் தன் மைத்துனன் பேரை ஏற்றப் பார்த்தவன் பொன்னுலிங்கம் என்பது உனக்குத் தெரியும். நான் சட்டென்று உறையை டீப்பாயில் வைத்துச் செய்தித்தாளால் மூடினேன். உன் அண்ணி நேசம்மாள் ஒன்றும் அறியாமல் அதன் மேலேயே நேந்திரங்காய்ச் சிப்ஸைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். பொன்னுலிங்கம் அள்ள அள்ளத் தட்டு நகர்ந்தது, தட்டோடு பேப்பரும் நகர்ந்தது. முதலில் ஒரு கொம்பு தெரிந்தது. நான் தட்டை என் பக்கம் இழுத்தேன். அவன் தன் பக்கம் இழுத்தான். "என்ன ஓய், நாலு சிப்ஸுக்குப் போய்க் கணக்குப் பாக்கீரு?" என்றான்.

அந்த நேரம் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் ஸ்மைலின் உள்ளறையில் இசைத்தட்டைச் சுழல விட்டான். பாஸ்டர் கையிலிருந்த டீ ததும்பிவிட்டது. "என்னவாக்கும் அது?" என்றார்.

"கிரைண்டர் பாஸ்டர். கல்லு தேஞ்சு போச்சு."

நேசம்மாள் அடுக்களை வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "ஆமா பாஸ்டர், நாளைக்கு ஆப்பத்துக்கு" என்றாள். தங்கமான பெண்பிள்ளை. பாஸ்டரும் தலையாட்டிவிட்டார். பாட்டு நின்றது. தப்பினோம் என்று நான் மூச்சு விடும் முன்னே உள்ளேயிருந்து உன் குரல் கணீரென்று வந்தது:

"லேய் மக்களே, ஒழுங்கா வாருங்கலே! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!"

உடனே மறுபடியும் ஜல்லி கொட்டியது. செல்வதாசு, பாட்டுக்குத் தாளம் எண்ண உனக்கு வேறு பாஷையே கிடைக்கவில்லையா? அந்த வெள்ளைக்காரர்களுக்கு என்னடா விளங்கியிருக்கும்? பாஸ்டர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கிரைண்டர் தமிழ் பேசுதே, ஜெபசீலன்."

"அதுவும் நம்ம ஊருத் தமிழாக்கும்" என்று சொல்லிக்கொண்டே பொன்னுலிங்கம் பேப்பரை உருவினான். எலும்புக்கூட்டைப் பார்த்தான், திருப்பினான், படத்தைப் பார்த்தான், பேரைப் படித்தான். அவன் முகத்தில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. செல்போனில் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில பாத்துக்கிடலாம் ஓய்" என்று எழுந்து போனான். பாஸ்டர் மீதி டீயைக் குடிக்காமலே அவன் பின்னால் போனார். அவர் திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஆகையால் தம்பி, நீ வர வேண்டாம். முதுகுவலி, டாக்டர் பிரயாணம் கூடாது என்கிறார் என்று பாஸ்டருக்கு எழுதிவிடு. அவர்கள் உன் பேரை நீக்கும் முன் நாமே எடுத்துக்கொண்டால் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போகலாம்.

இனி அந்த இன்னொரு வரி. பாட்டுப் பதிவு செய்தது ஹாம்பர்க், 1986 ஜூன் என்று இருந்தது. அந்த ஜூனில்தானே அப்பா போனார். நடுக்கடலில் நிற்கிறோம், இறங்க வழியில்லை என்று தந்தி கொடுத்தாய். நான் கல்லறைத் தோட்டத்தில் வந்தவர்களிடமெல்லாம் என் தம்பி கடலில் நிற்கிறான், பாவம் என்று சொல்லி அழுதேன். உண்மையைச் சொல். கடலில் நின்றாயா, அந்த அறைக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தாயா? மேளம் அடித்தது எனக்கு ஒரு குற்றமாகத் தெரியவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன உன்னைக் கடித்தா தின்றிருப்பேன்?

கோபமாக எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை. தேவன் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுசும், உனக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் புத்தியும் அருளுவாராக.

உன் அண்ணன்,
ஜெபசீலன்

பி.கு.: தபாலில் போடும் முன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கமிட்டி கூடியது. பொன்னுலிங்கம் செல்போனைச் சுற்றுக்கு விட்டு, பேரை நீக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான். பாஸ்டர், கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று ஸ்மைலினை வரவழைத்து, மைக் செட்டில் போடச் சொன்னார். ஒரு பக்கம் முழுக்க ஓடியது. முடிந்ததும் பொன்னுலிங்கம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். அப்போது மூத்த அங்கத்தினர் ஞானையன், காது மந்தமாகிப் பிரசங்கமெல்லாம் தூங்கியே கழிப்பவர், கம்பை ஊன்றி எழுந்தார். "பத்து வருசமா இந்தச் சபையில ஒரு பாட்டும் எனக்கு முழுசாக் கேட்டதில்ல. இன்னைக்குக் கேட்டுது. மறுபக்கத்தையும் போடுலே" என்றார். போட்டார்கள். அது முடிந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது, பொன்னுலிங்கத்தின் தீர்மானத்தை வழிமொழிய ஆளில்லை. ஆகவே வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நீ வா. ஜூன் மாதக் கேள்வியை மட்டும் நான் அடிக்கவில்லை. அதற்குப் போனில் பதில் சொல்லாதே. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு.