முறுக்குப் பைக்கற்றில் இருந்த ஆணி

"இஞ்சாருங்கோ, இதைப் பாருங்கோ!"

நிசாந்தினியின் ஒரு கையில் முறுக்குப் பைக்கற். மறுகையில் துருப்பிடித்த ஆணி.

தண்ணீரூற்றுச் சந்தியில் சைக்கிள் திருத்தும் விஜிதரன் பைக்கற்றைப் பறித்து உள்ளே பார்த்தான். மனைவிக்கு ஏழாம் மாதம். பைக்கற்றில் பாதி காலி.

"வேற ஏதும் விழுங்கினனீரோ?"

"இல்லையப்பா. ஒரு துண்டு மட்டும் தீஞ்சு கறுப்பாக் கிடந்தது. ஆனா கடிக்க நல்ல மொறுமொறுப்பு."

அந்தப் பைக்கற்றை மாமியார் வடிவம்மா முதல்நாள் மத்தியானம் பூவரசங்குளத்திலிருந்து பஸ் ஏறி மகளுக்கென்று கொண்டுவந்திருந்தார். இப்போது குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமிக்கு மூச்சு விடாதேயும். பிறஷர்க்காறி, விழுந்திடுவா."

ஊரெல்லாம் அறிந்த சங்கதி அந்தக் குசினிக்கு மட்டும் எட்டாமல் போனது இப்படித்தான்.

விஜிதரன் ஆணியைத் துரு போகத் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினான். பளிச்சென்று படம் எடுத்து, 'கொலைகாரக் கம்பனி' என்று பேஸ்புக்கில் ஏற்றினான். "விடாத மச்சான், கோட்டுக்கு ஏத்து" என்று கனடாவிலிருந்து ஒருவன் உசுப்பினான். அவனுக்கென்ன, குளிருக்குள் பொழுது போகவேண்டாமா?

மறுநாள் முல்லைத்தீவில் சுகாதாரப் பரிசோதகர் தலையில் கை வைத்தார்.

"ஆணியை ஏன் கழுவினனீங்கள்?"

"கிருமி, சேர்..."

"அதுதானே சாட்சி! மிச்ச முறுக்கு?"

"கோழிக்குப் போட்டுட்டன்."

"கோழி?"

"நல்லாத்தான் திரியுது, சேர்."

"பில்லும் இல்லை, முறுக்கும் இல்லை. நுகர்வோர் அலுவலகத்துக்கு முறைப்பாடு போடலாம்தான். ஆனா உங்களால நிரூபிக்க ஏலாட்டி, கம்பனி உங்களைத்தான் பிடிக்கும்."

வீடு வந்து சேருமுன் கம்பனியின் வக்கீல் போனில் பிடித்துவிட்டார். "பதிவை எடுங்கோ. இல்லாட்டி மானநஷ்ட வழக்கு."

விஜிதரன் பதிவை எடுத்தான். எடுத்ததுதான் தாமதம், 'கம்பனியிட்டை நல்லாக் காசு வாங்கிட்டான்' என்று கடைத்தெருவில் கதை. நாம் ஒன்றும் சொல்லவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அடுத்தநாள் கம்பனி மேலாளர் செல்வநாயகம் வீட்டுக்கே வந்துவிட்டார். வேலியோரம் திடீரென்று பலருக்குப் பூப்பறிக்கும் வேலை வந்தது.

"என்ன தொழில்?"

"சைக்கிள் திருத்திறனான்."

"அப்ப ஆணிக்குக் குறைவிராது."

விஜிதரன் ஆணியை மேசையில் வைத்து, வெறும் பைக்கற்றை நீட்டினான். செல்வநாயகம் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மேல் ஓரம் எங்கட மெசின் ஒட்டினது. கீழ் ஓரத்தை வெட்டி, மெழுகுதிரியில ஒட்டியிருக்கு. புகை படிஞ்சிருக்குப் பாருங்கோ. ஆரோ ஆணியைப் போட்டுட்டு மூடியிருக்கினம். தம்பி, இது பொலிஸ் கேஸ்."

"சத்தியமா நானில்லை ஐயா! பிள்ளை பிறக்கிற நேரம் என்னை உள்ள தள்ளிப்போடாதேங்கோ!"

அந்நேரம் தேத்தண்ணித் தட்டோடு வந்த வடிவம்மா, மேசையில் மினுங்கிய ஆணியைப் பார்த்தார். விழவில்லை. மயங்கவுமில்லை. தட்டை வைத்துவிட்டுப் பைக்கற்றை வாங்கிக் கவிழ்த்து உதறினார்.

"பிள்ளைத்தாச்சிக்குப் பொரிச்ச சாமானை உச்சி வெயிலில சும்மா கொண்டுவந்தால் பேய் பின்னால வருமெண்டு நான்தான் போட்டனான். ஆணி கிடக்கு, சரி; அதோட போட்ட அடுப்புக்கரி எங்க, பிள்ளை?"