தண்ணீர் தாண்டாத கோட்டு

கடைக்கு வந்த ஆட்களைத் திருப்பி அனுப்புவதையே வியாபாரமாக வைத்து, அதையும் முப்பது வருசம் நடத்திக் காட்டியவர் திருகோணமலையில் ஒருவர்தான். அவர் கோட்டுக் காக்கா. கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். இவரை ஊர் முழுக்கக் காக்கா என்றது, நானும் என்றேன். உண்மைப் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

கடை உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போனபோது ஏற்றாமல் விட்டதெல்லாம் ஏலம் ஏலமாகச் சுற்றிக் கடைசியில் அங்கே கரையொதுங்கியது. ஒற்றை முள்ளோடு ஓடும் கப்பல் மணிக்கூடு, கண்ணாடி போன தூரதிருஷ்டி, மடக்குக் கதிரைகள், பித்தளை விளக்குகள், துரைசாணிமாரின் இறகு வைத்த தொப்பிகள். இவற்றுக்கு நடுவே, சாரத்துக்கு மேல் கழுத்துவரை பொத்தான் பூட்டிய கருநீலக் கடற்படைக் கோட்டோடு காக்கா உட்கார்ந்திருப்பார். குளிர்நாட்டுக் கடற்காற்றுக்கென்று தைத்த கோட்டு அது. சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டார்.

“உங்களுக்கு அவியேல்லையா காக்கா?”

“அவியுதுதான் தங்கச்சி. கடைக்குப் போர்டு இல்லையே. நான் இதக் கழட்டினா கடை எங்க எண்டு ஆருக்குத் தெரியும்?”

புதுச் சட்டை என்று வாழ்நாளில் ஒன்று போட்டதில்லையாம். பெருநாளைக்கும் பழையதுதான். “புதுசு சொறியும். ஆராவது ஒராள் போட்டுப் பழக்கித் தரவேணும்” என்பார்.

நான் அப்போது துறைமுகக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்து வேலை. சனிக்கிழமை அரைநாள். மற்றப் பெண்கள் பஸ்ஸுக்கு ஓட, நான் காக்கா கடைக்கு ஓடுவேன். பழஞ்சாமான் பைத்தியம் என்று வீட்டில் எனக்குப் பெயர். பொய்யில்லை. புதுக்கடையில் அடுக்கியிருப்பது என்ன என்று வாசலிலேயே தெரிந்துவிடும். பழைய கடையில் கையை விட்டால் எது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. கோட்டின் உட்துணியைப் புரட்டித் தையற்காரர் பெயரைப் படிப்பேன். பைக்குள் விரலை விட்டு, மடித்த படக்கொட்டகை டிக்கெட்டுத் துண்டோ காய்ந்த பூவோ வருகிறதா என்று பார்ப்பேன். யாரும் பாராத நேரம் துரைசாணியின் தொப்பியைத் தலையில் வைத்து, புகை படிந்த கண்ணாடியில் ஒருதரம் திரும்பிப் பார்ப்பேன். அதைவிடப் பெரிய சந்தோசம் அந்த வயதில் எனக்கு இருக்கவில்லை. காக்கா கடையில் வாங்கி வாங்கி, எங்கள் குசினியில் கடற்படை நங்கூரச் சின்னம் இல்லாத கோப்பையே கிடையாது. வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்போது அடியிலிருந்து ஒரு நங்கூரம் எழும்பும்.

வெள்ளைக்காரர் உடுப்பை யார் கேட்டாலும் காக்கா கொடுத்துவிடுவார். “அவங்கட பொஞ்சாதிமார் கடலுக்கு அங்கால. அந்த உடுப்பில பயமில்ல” என்பார். சல்லி என்ற கரையோர ஊரில் ஒரு மீனவர், பொன் சரிகை வைத்த தளபதித் தொப்பியொன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார். துறைமுகத்துக்கு வந்த ஒரு பிறநாட்டுக் கப்பலிலிருந்து அவருக்குச் சலூட் அடித்தார்கள் என்று சல்லியில் இன்றும் சத்தியம் பண்ணுகிறார்கள்.

சிக்கலெல்லாம் ஊர் உடுப்பில்தான்.

வீட்டில் ஆண் ஒருவர் இறந்தால் வேட்டி சால்வை தானமாகப் போய்விடும். நல்ல சட்டையையும் கோட்டையும் என்ன செய்வது? எரிக்க மனம் வராது. அலுமாரியைத் திறக்கிற நேரமெல்லாம் பார்க்கவும் மனம் வராது. காக்காவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் வந்து, சத்தமில்லாமல் மடித்துக் கொண்டுபோவார். அந்த உடுப்புகளுக்கு அவரிடம் இரண்டு சட்டம் இருந்தது.

முதலாவது, நாலு மாதமும் பத்து நாளும் அவை பச்சை டிரங்குப் பெட்டியில் கிடக்க வேண்டும். புருசன் இறந்தால் முஸ்லிம் பெண்கள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் அவ்வளவு. காக்கா அதைச் சட்டைக்கும் வைத்தார். இந்துவின் சட்டை, வேதக்காரரின் கோட்டு என்ற வித்தியாசம் இல்லை. “சட்டைக்கு என்ன மதம்? அதுக்குப் பொஞ்சாதி இரிக்கி, அவ்வளவுதான்” என்றார். அந்தக் காலத்துக்குள் சில பெண்கள் வருவார்கள். பெட்டியைத் திறந்துவிட்டு அவர் ஒழுங்கைக்குப் போய் நிற்பார். முகத்தில் ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோவார்கள்.

இரண்டாவது சட்டம், அந்த உடுப்பு தண்ணீர் தாண்ட வேண்டும். இங்கே இறந்தவரின் சட்டை அக்கரையிலிருக்கும் கிண்ணியாவுக்குப் போகும். கிண்ணியாச் சட்டை இங்கே வரும். பெண்சாதி நடக்கிற தெருவில் அந்தச் சட்டை நடக்கக் கூடாது.

அதனால் அவர் கடையில் ஒரு சட்டை வாங்குவது லேசான காரியமில்லை. எந்த ரோட்டால் வேலைக்குப் போவார், எங்கே தலைமயிர் வெட்டுவார், எந்தக் கோயில், எந்தப் படக்கொட்டகை என்று விசாரணை நடக்கும். என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேட்கவில்லை. பதிலில் ஒரு தெரு இடித்தாலும் “ஏலாது, போயிட்டு வாங்க” என்றுவிடுவார். வலிய வந்த சீதேவியை உதைக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருமுறை கந்தோர்த் தோழி ஒருத்தியின் கலியாணத்துக்குக் கிண்ணியா போனேன். அப்போது பாலமில்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் பஸ்ஸும் மாடும் மனிதரும் தண்ணீரைத் தாண்டுவோம். அக்கரையில் ஒரு கடையின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரே கடிதத்தை என்னை மூன்று தரம் திருப்பி அடிக்கவைத்த எங்கள் தலைமைக் கிளாக்கர், போன வருசம் இறந்தவர், அவருடைய கட்டம் போட்ட கோட்டு ஒரு பூசணிக்காயைச் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் நடந்து போனது. என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். வீட்டில் இதைச் சொல்லி வயிறு நோகச் சிரித்தோம். சட்டம் எதற்கென்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

பிறகுதான் அந்தச் சாம்பல் நிறக் கோட்டு வந்தது.

என் மனுசனுக்குக் கொழும்பில் பதவி உயர்வுக்கு நேர்முகப் பரீட்சை. அவரிடம் கோட்டில்லை. காக்கா கடையில் பெட்டிக் காலம் முடிந்து ஒரு கோட்டு தொங்கியது. நல்ல துணி, பட்டு உட்துணி, தோள் அளவெல்லாம் அவருக்கென்றே வெட்டியது போல இருந்தது. கண்டதுமே தெரிந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த போஸ்ட்மாஸ்டருடையது அது.

“அது உங்களுக்கில்ல தங்கச்சி. கிண்ணியாவுக்கு.”

நான் பொய் சொன்னேன். “இவருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்திட்டுது காக்கா. வாற மாசம் சாமானெல்லாம் கட்டிக்கொண்டு போறம்.”

“கொழும்புக்குப் போகக் கடல் இல்லையே?”

“எத்தினை ஆறு இருக்கு!”

காக்கா விரல்விட்டு ஆறுகளை எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் சுடுகிறது.

ஊருக்குள் போடவேண்டாம் என்று நான் மனுசனிடம் சொல்லித்தான் அனுப்பினேன். காரணம் சொல்லவில்லை. நேர்முகம் முடிந்து விடியக்காலை ரயிலால் இறங்கியவர், மழை தூறுகிறதே என்று கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள்.

“இஞ்சாருங்கோ!”

எங்கள் ஊரில் பெண்கள் புருசன் பெயரைச் சொல்வதில்லை. எல்லாப் புருசன்மாருக்கும் அந்த ஒரே பெயர்தான். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, நனைந்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“போஸ்ட்மாஸ்டரம்மா. நான் திரும்பினவுடனே அவவின்ர முகம்... என்னால சொல்ல ஏலாது.”

“ஏசினவாவோ?”

“இல்லை. ‘மன்னிச்சுக் கொள்ளுங்கோ தம்பி’ எண்டா. பிறகு கிட்ட வந்து, இந்தக் கையில இருக்கிற பொத்தானைத் தொட்டா. ‘இது நான் மாத்தித் தைச்சது, நிறம் கொஞ்சம் வித்தியாசம்’ எண்டா. அப்பிடியே திரும்பி வீட்டை போயிட்டா.”

அந்தப் பொத்தானை நானும் கடையில் கவனித்திருந்தேன். ஒரு குறையாகத்தான் கவனித்தேன்.

சனிக்கிழமை கோட்டைக் கொண்டுபோய்க் காக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசவில்லை. பிறகு, நான் கண்டு முதல் தடவையாகத் தன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கடையைப் பூட்டினார். சாம்பல் நிறக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார்.

அவர் போஸ்ட்மாஸ்டரம்மா வீட்டுப் படலையில் நின்று சொன்னதை அந்த அம்மாவே பல வருசம் கழித்து எனக்குச் சொன்னார். “என்ர கவனக்குறை அம்மா. பாராமல் வித்துப்போட்டன்.” என் பெயர் வரவேயில்லை. கோட்டைத் திருப்பி எடுக்க அம்மா விரும்பவில்லை. “அக்கரைக்குக் கொண்டு போங்கோ” என்றாராம்.

கதை ஊரில் பரவியது. ஒரு வருசத்துக்கு மேல் திருகோணமலையில் எந்த வீட்டிலிருந்தும் காக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பச்சைப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. சனிக்கிழமைகளில் அதைப் பார்த்துக்கொண்டு நங்கூரக் கோப்பைகளைத் தூக்கித் தூக்கி வைப்பேன். உண்மையை வெளியே சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. பதவி உயர்வு மட்டும் வந்தது.

காக்கா எனக்குக் கொடுத்த தண்டனை ஒன்றுதான். “கோப்ப பாருங்க, விளக்குப் பாருங்க. சட்டைப் பக்கம் போகாதீங்க.” இருபது வருசமாகியும் அந்தத் தடை நீங்கவில்லை. என் மனுசனுக்குத் தடையில்லை. அவர் தானே போய், விசாரணைக்குப் பதில் சொல்லி, அக்கரையிலிருந்து வந்த சட்டைகளை வாங்கி வருவார். அதில் நீலக்கோடு போட்ட ஒரு சட்டையை உயிராக வைத்திருந்தார். கழுத்துப்பட்டி தேய, நான் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்தேன்.

நாலு வருசத்துக்கு முன் அவர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, நான் சொல்லி அனுப்பாமலே காக்கா வந்தார். கிழவராகிவிட்டார். கோட்டு பெரிதாகத் தெரிந்தது. சட்டைகளை நான் எடுத்துக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாக மடித்தார். நீலக்கோடு போட்ட சட்டையை மடிக்கும்போது மட்டும் கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்த்தார்.

“நாலு மாசம் பத்து நாள். வந்து பாக்கலாம் தங்கச்சி.”

நான் போகவில்லை. பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டுப் போகிற பெண்களை எனக்குத் தெரியும், நான் அப்படியில்லை என்று வீம்பு. தவணை முடிந்து மூன்றாம் நாள் வீம்பெல்லாம் உடைந்தது. சட்டை தண்ணீர் தாண்டியிருக்குமே என்று பஸ் ஏறி, பாதை ஏறி, கிண்ணியாவுக்குப் போனேன்.

காலையிலிருந்து மதியம்வரை சந்தையில் நின்று ஆண்களின் முதுகுகளைப் பார்த்தேன். ஒரு மரக்கறிக்காரர் இரக்கப்பட்டு, “ஆரம்மா தேடுறீங்க?” என்றார்.

“ஒரு சட்டையைத் தேடுறன்” என்றேன்.

அவர் துணிக்கடையைக் காட்டினார்.

கடைசியில் விசாரித்துக்கொண்டு, அந்த ஊரிலேயே இருந்த காக்கா வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தார்.

“அந்த நீலக்கோடு போட்ட சட்டை எங்க காக்கா?”

“வெருகலுக்கு அனுப்பிட்டன்.”

வெருகல் மாவட்டத்தின் அந்தத்தில் இருக்கிறது. கிண்ணியாவிலிருந்து ஆறு ஆறாகத் தாண்டித்தான் போகவேண்டும். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. “உங்கட சட்டத்துக்குக் கிண்ணியாவே காணுமே! ஏன் அவ்வளவு தூரம்?”

“நீங்க இஞ்ச வந்து நிப்பீங்க எண்டு எனக்குத் தெரியும். ஒரு கோட்டுக்காக என்னை அத்தின ஆறு எண்ண வச்ச ஆளெல்லா நீங்க!” சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். “அந்தச் சட்டை முதல்ல இந்த ஊருச் சட்டை, தங்கச்சி. அதுக்கு இஞ்சயும் ஒரு பொஞ்சாதி இரிக்கா. அங்க நீங்க. ரெண்டு பேருக்கும் காணக் கிடைக்காத இடமாப் பாத்தன். கண்டா கூப்பிடுவீங்க. கூப்பிட்டா அதப் போட்டிருக்கிறவன் திரும்புவான். திரும்பினா, வேற முகம் தங்கச்சி. அது ஏலாது.”

அந்தப் பெண்ணின் வீடு எது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மிதவையில் நின்று நன்றாக அழுதேன். புருசன் இறந்த பிறகு அன்றைக்குத்தான் அப்படி அழுதது.

போன பெருநாளைக்கு முன் நல்ல வெள்ளைத் துணி வாங்கி, காக்காவின் அளவுக்கு நானே ஒரு சட்டை தைத்து அனுப்பினேன். ஒருவரும் உடுத்தாத சட்டை. அதைக் கண்டு ஊரில் எந்தப் பெண்ணும் ஏமாறமாட்டாள்.

“சொறியுது” என்று சொல்லி அனுப்பினார். ஆனால் பெருநாள் தொழுகைக்கு அதைப் போட்டுக்கொண்டு, மேலே கோட்டில்லாமல் போனாராம்.