டயானாவுக்கு வேர், எனக்குக் கிளை

சாந்தோம்,
வியாழன் காலை.

அன்புத் தம்பி ஜானுக்கு,

அக்கா பிலோமினா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "சரிக்கா, சரிக்கா" என்றபடி ரசத்துக்குப் புளி கரைக்கிறாய். ஆகவே காகிதம்.

உன் அத்தான் இறந்ததிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் அசோக் நகரிலிருந்து வந்து என்னோடு சாப்பிடுவது உன் வழக்கம். தவக்காலம் தொடங்கியதிலிருந்து நீ ஒரு ஞாயிறுகூட வரவில்லை. கேட்டால் உன் மனைவி டயானாவுக்கு முதுகுவலி. டிஸ்க் பிதுங்கி, ஐந்தாவது இடுப்பு நரம்பின் வேரையே நசுக்குகிறதாம், வலி பிட்டத்தில் கிளம்பிக் கால் கட்டைவிரல் வரை மின்சாரம்போல் ஓடுகிறதாம். அந்த ஸ்கேன் படத்தை நீ குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாய், கல்யாண ஆல்பத்துக்குக்கூட அத்தனை பேர் இதயம் போடவில்லை. பங்குச் சாமியார் வீடு தேடி வந்து அவளுக்கு நற்கருணை கொடுத்தார். என் மூட்டுவலிக்கு அவர் கோயில் வாசலிலேயே "ஜெபிக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பியவர்தான்.

இந்த நிலையில் போன வாரம் என் வலது தொடையின் வெளிப்பக்கம் எரிய ஆரம்பித்தது, பிறகு மரத்துப்போனது, கிள்ளினாலும் தெரியவில்லை. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது. நல்ல பட்டுக்கரைப் புடவையாகக் கட்டிக்கொண்டு, அடையாறில் நரம்பு டாக்டர் சுப்பராமனைப் பார்க்கப் போனேன். டயானாவுக்கு இருப்பது எனக்கும் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அவர் பொறுமையான மனிதர். தண்டுவடத்திலிருந்து முப்பத்தோரு ஜோடி நரம்புகள் கிளம்புகின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்: பின்வேர் உணர்ச்சியை உள்ளே கொண்டுவரும், முன்வேர் தசைக்கு உத்தரவைக் கொண்டுபோகும். இரண்டும் சேர்ந்து ஒரே நரம்பாகி எலும்பு இடுக்கு வழியாக வெளியே வந்ததும் மறுபடி பிரிந்துவிடுமாம். பின்கிளை முதுகோடு நின்றுவிடும். முன்கிளைகள் இடுப்புக்குள் சடைபோல் பின்னிக்கொண்டு, அதிலிருந்து காலுக்குப் போகுமாம்.

"எனக்கு வேரில்தானே?" என்றேன்.

"இல்லம்மா, வேர்லாம் அருமையா இருக்கு. உங்களுக்குக் கிளையோட கிளை. ரெண்டாவது மூணாவது இடுப்பு நரம்புலேர்ந்து வர்ற சின்ன நரம்பு. அதுக்குத் தொடைத் தோல்ல உணர்ச்சி மட்டுந்தான் வேலை."

"தசை?"

"ஒரு தசைகூடக் கிடையாதும்மா."

ஜான், அவளுக்குக் கட்டைவிரலையே தூக்க முடியவில்லை, எனக்கு வெறும் தோல்! ஸ்கேனாவது எழுதுங்கள் என்றேன். தேவையில்லை என்றார். பிறகு அந்த மனிதர், நர்ஸ் எதிரிலேயே, "பாவாடை நாடாவை எங்க கட்டுறீங்க?" என்று கேட்டார். இடுப்பெலும்பின் மேல்தான், எங்கள் கான்வென்ட் சிஸ்டர் சொல்லித் தந்தபடி, மூச்சை இழுத்து, இரட்டை முடிச்சு, கொசுவம் இன்றுவரை ஒரு நூல் இறங்கியதில்லை என்றேன். "அந்த முடிச்சுக்கு அடியிலதாம்மா அந்த நரம்பு போகுது. தளர்த்திக் கட்டுங்க, சரியாயிடும்" என்றார். மாத்திரைகூட இல்லை! ஒழுங்காகப் புடவை கட்டியதற்கு எனக்கு இந்தத் தண்டனை. கடைக்குக்கூட நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு போகிறவளுக்கு நாடாவும் கிடையாது, முடிச்சும் கிடையாது, ஆனால் வேர் கிடைத்திருக்கிறது.

திரும்பும்போது ஆட்டோக்காரர், "இன்னாம்மா சொன்னாரு டாக்டரு? முதுகு நரம்பா?" என்றார். ஆமாம் என்றேன். அங்கிருந்துதானே புறப்படுகிறது, அது பொய்யாகாது. "எங்க ஆயாவுக்கும் அப்டித்தான் கீது, வூடே அத்தச் சுத்தி நிக்குது" என்றார். என்னைச் சுற்றி யார் நிற்கிறார்கள்? மாடிக் குடித்தனக்காரரின் பூனைதான்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். இந்த ஞாயிறு நீ வர வேண்டும். வஞ்சிரம் சொல்லிவைத்திருக்கிறேன். வராவிட்டால் எனக்குத் தம்பி இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

உன் குடும்பத்தை மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். டயானாவுக்கும் என் விசாரிப்பைச் சொல், சுருக்கமாக.

உன் அக்கா,
பிலோமினா

பி.கு.: கவரை ஒட்டும்போது வாசலில் ஆட்டோ. டயானா! ஊன்றுகோலும், நைட்டியும், மேலே துண்டும். "அக்கா, என்னைக் கொஞ்ச நாள் இங்க வெச்சிக்கோங்க. டாக்டரு ஒரே ஒரு தபா காலை நீட்டித் தூக்கி, எங்க இழுக்குதுன்னு பாத்தாரு. உங்க தம்பி காபிக்கு முன்னாடி ஒருவாட்டி, ஜெபமாலை முடிஞ்சு ஒருவாட்டி தூக்கிப் பாக்கறாரு, வேலை பாத்த கிண்டி ஃபேக்டரில மிஷின் செக் பண்ண மாதிரி! டாக்டரு நடக்கச் சொன்னாலும் கட்டிலைவுட்டு எறங்க வுடமாட்டேங்கறாரு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். இப்போது என் கட்டிலில் படுத்திருக்கிறாள். "உங்களுக்கு எந்த நரம்புக்கா?" என்று அவளாகவே கேட்டாள். முப்பத்தோரு ஜோடியையும் சொன்னேன். கேட்டாள், ஜான். நடுவில் புளி கரைக்கவில்லை.

இந்தக் கடிதம் அதே ஆட்டோவில் வருகிறது. அவளுடைய மாத்திரைகளை ஆட்டோக்காரரிடமே கொடுத்தனுப்பு. ஞாயிறு நீ வராதே. வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய்.