என் கஞ்சியை நிறுத்திய என் சட்டம்

அன்புள்ள தம்பி ஜெரோமுக்கு,

வர்ஜீனியாக் கோட்டையிலிருந்து உன் அண்ணன் கேப்டன் ஆம்ப்ரோஸ் எழுதுவது. எனக்கு அநியாயம் நடந்துவிட்டது: இரண்டு நாளாகக் கஞ்சி இல்லை. நிறுத்தியவன் நானே. உன் மூட்டுகளும் பசுக்களும் நலமாக இருக்கட்டும்.

போன மாதம் நான்தான் கிடங்குக் கதவில் சட்டம் எழுதி ஆணி அடித்தேன்: ஆறு மணி நேரம் வேலை செய்யாதவனுக்குப் பொதுக் கொப்பரையிலிருந்து ஒரு கரண்டியும் கிடையாது. பட்டுக் காலுறையோடு கப்பலிறங்கிய பன்னிரண்டு கனவான்களை மரம் வெட்ட வைக்க வேறு வழியில்லை. வெட்டினார்கள், கோட்டைக்கு வேலி வந்தது, எனக்குத் தலைக்கனம் வந்தது. அந்தக் கனத்தோடு, இந்த ஆற்றின் மறுமுனையில் இருப்பதாக லண்டனில் நம்பும் தென்கடலைக் கண்டுபிடிக்கப் படகேறினேன். வழிகாட்ட வந்த ஆற்றங்கரை மனிதர், "அந்தப் பக்கம் கடலும் இல்ல ஒண்ணும் இல்ல, கொசுதான் இருக்கு" என்றார். அப்பா சொல்லியே கேட்காதவன் நான். ஆற்று வளைவு தாண்டியதும், கரையில் நட வைத்திருந்த கொடியோடு படகிலிருந்து வீரமாகக் குதித்தேன். கீழே சிப்பி. பாதம் கிழிந்தது. கடல் இருக்க வேண்டிய இடத்தில் சேறு இருந்தது, கொசுவும் இருந்தது.

கோட்டைக்குத் திரும்பி, கட்டிலில் படுத்தபடி வரைபடம் போட்டுவிட்டு, சமையல்காரன் டன்ஸ்டனிடம் கிண்ணத்தை நீட்டினேன்.

"கேப்டன் ஐயா, இன்னிக்கு என்ன வேலை பாத்தீங்க?"

"வரைபடம் போட்டேன்டா."

"படுத்துக்கிட்டா?"

"கால் கிழிஞ்சிருக்குடா!"

"போன வாரம் பெரிக்ரின் தொரைக்கு இடுப்பு பிடிச்சப்ப, சட்டத்துக்கு இடுப்பு தெரியாதுன்னு சொன்னது யாரு?"

கனவான்களில் ஒருவரான அந்தத் துரை, கோடாலியோடு நின்றபடி, "ஒரு வார்த்தை சொல்லுங்க கேப்டன், சட்டத்த நாங்களே கிழிச்சிடறோம்" என்று இளித்தார்.

கிழித்தால் பன்னிரண்டு கோடாலியும் கீழே விழும். குளிர்காலத்தில் விறகில்லாமல் கோட்டையிலுள்ள நாற்பது பேரும் சாவோம். "ஆணி அங்கேயே இருக்கட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆகவே நீ லண்டன் போய், வரைபடம் போடுவதும் வேலைதான் என்று எங்களை இங்கே அனுப்பிய கம்பெனியின் முத்திரையோடு உத்தரவு வாங்கி அனுப்ப வேண்டும். கம்பெனிக்காரர்கள் டன்ஸ்டனைக் கண்டித்துத் தனிக் கடிதம் எழுத வேண்டும். பெரிக்ரின் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் மனைவி ஒரு பாலாடைக்கட்டி அனுப்ப வேண்டும். கப்பல் வர ஐந்து மாதமாகும். அதுவரை நான் சாகாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் எல்லாரையும் கடவுள் காக்கட்டும், குறிப்பாக வேலை செய்கிறவர்களை.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்

பி.கு.: எதையும் செய்யாதே. அந்த உத்தரவு வந்தால் மறுநாளே பன்னிரண்டு கனவான்களும் கட்டிலில் படுத்து வரைபடம் போடுவார்கள். டன்ஸ்டன் ஒரு கூடை சோளக் கதிரை என் மடியில் கொட்டி, "இதுக்குக் காலு வேணாம்" என்றான். ஆறு மணி நேரம் உதிர்த்தேன். கஞ்சி வந்தது. உப்பில்லை. பாலாடைக்கட்டியை மட்டும் அனுப்பு.