தலைக்கு மேலே ஒரு முழம்

உலகத்தில் எதையும் அளக்காமல் நம்பக்கூடாது என்று வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் மட்டத்தார்தான். இரணைமடு வாய்க்கால்களுக்கு மட்டம் பார்ப்பது அவர் வேலை. கலியாண வீட்டிலும் பந்தல் இரண்டு அங்குலம் சரிவென்று சொல்லிவிட்டுத்தான் பந்தியில் இருப்பார்.

வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது சொஃப்ட்போல் மட்டையையும் விதிப் புத்தகத்தையும் எங்கள் நீர்ப்பாசனக் கந்தோரில் விட்டுப்போனார். மட்டத்தார் அம்பயரானார். அவருக்குப் பிடித்தது ஒரே விதி. மெதுவாக எறியும் பந்து மட்டையில் உரசிப் பின்னால் பிடிபட்டால், அடிப்பவன் தலைக்கு மேலே எழும்பாதவரை அது தவறிய அடி மட்டுமே. மேலே எழும்பியிருந்தால் உடனே அவுட். ஆகவே ஆட்டம் தொடங்கமுன் எல்லாரையும் அளவுகோலோடு நிறுத்தி உயரம் எழுதுவார்.

“நிமிந்து நில்லும். கூனினால் கணக்குப் பிழைக்கும்.”

ஸ்கந்தபுரத்தோடு நடந்த போட்டியில் கடைசியாக அடிக்க வந்தவன் நான். முதல் பந்தே உரசி மேலே எழும்பியது. பின்னால் நின்ற ஸ்கந்தபுரத்துச் செல்வம் எட்டிப் பிடித்தான். அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று மண்ணை வாரி மட்டத்தாரின் கண்ணில் போட்டது.

“நீர் சொல்லும் தம்பி, தலைக்கு மேலயோ, கீழயோ?”

“கீழ, ஐயா.”

“ஐயா, பனை உயரத்துக்குப் போனது,” என்றான் செல்வம்.

“கந்தோரிலை நான் சொல்லுற அளவை எழுதிறவன் இவன். அளவிலை பொய் சொல்லமாட்டான்.”

அடுத்த பந்தை அடித்தேன். வென்றோம். “மட்டத்தார் ஆள் பாத்துத்தான் அளக்கிறார்,” என்று ஸ்கந்தபுரத்தார் அவர் காதுபடவே சொன்னார்கள். அவர் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார். பிறகு அம்பயராக நிற்கவே இல்லை.

இரண்டு கிழமை சோறு இறங்காமல், அவர் வீட்டுக்குப் போனேன்.

“ஐயா, அண்டைக்குப் பந்து மேலதான் போனது.”



“எவ்வளவு?”

“ஒரு முழம்.”

“முழமோ, குறையவோ?”

“முழம்தான், ஐயா.”

“அப்ப அவுட்,” என்றவர் உள்ளே போய்ச் சேட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார். “சைக்கிள் கரியரிலை ஏறும்.”

ஸ்கந்தபுரத்தில் வயலுக்குள் நின்ற செல்வத்தைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீர் பிடிச்சது சரி. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

என் பொய்யைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘நான்தான்’ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

திரும்பும் வழியில் தேத்தண்ணிக் கடையில் சைக்கிளை நிறுத்தி, “வடை தின்னும். முகம் வாடிப்போச்சு,” என்றார். நான் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை, அந்த நல்ல மனிதர் றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.